ஒட்டுப்போர்வை: கட்டங்கள் ஏன் அளவுக்கு வருவதில்லை, எதைப் பார்த்து வாங்குவது?

4 பிப்ரவரி: கேள்வி

வீட்டிலிருந்த பருத்தித் துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஒன்பது சதுரங்கள். தைத்து முடித்ததும் கட்டம் 12½ அங்குலம் இருக்க வேண்டும். எனக்குச் சில 12¼ வருகின்றன, சில அதற்கும் குறைவாக வருகின்றன. நல்ல ரோட்டரி கட்டரும் (துணியின் மேல் உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) உயர்ந்த ரக அளவுகோலும் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

4 பிப்ரவரி, இரவு

கத்தியை மாற்றினால் சரியாகாது. குறை வெட்டில் இருந்திருந்தால் சில கட்டங்கள் பெரிதாகவும் சில சிறிதாகவும் வந்திருக்கும். உங்களுடையவை எல்லாமே சிறுத்திருக்கின்றன என்பதால் குறை தையலில் இருக்கிறது. முடிவில் 4 அங்குலம் நிற்க வேண்டிய சதுரத்தை 4½ அங்குலத்துக்கு வெட்டுகிறோம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். கட்டத்தின் வெளி ஓரங்கள் இன்னும் தைக்கப்படாததால்தான் 12 என்பது இப்போது 12½ ஆக நிற்கிறது. அந்தக் கால் அங்குலத்தோடு இன்னும் 1/16 அங்குலம் உள்ளே போனால், தையலின் இரு பக்கத் துணியிலும் அதே அளவு குறையும் என்பதால், ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் நட்டம். மூன்று சதுரங்களைச் சேர்க்க இரண்டு தையல்கள் போட வேண்டும். ஆகவே கால் அங்குலம் போய் 12½ என்பது 12¼ ஆகிறது. நீங்கள் சொன்ன அளவு இதுதான். எட்டுச் சதுரங்கள் கொண்ட வரிசையில் ஏழு தையல்கள் வரும் என்பதால், அங்கே ஏறத்தாழ ஓர் அங்குலமே காணாமல் போயிருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அதே துணியில் 1½ அங்குல அகலப் பட்டிகள் மூன்றை வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டியை மட்டும் அளந்து பாருங்கள். அது சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே தள்ளிப் போகிறது, கூடினால் விளிம்பை ஒட்டிப் போகிறது. புதிய நூலோ புதிய ஊசியோ மாற்றும்போதெல்லாம் நான் இதைச் செய்துவிட்டுத்தான் கட்டங்களைத் தொடுகிறேன்.

5 பிப்ரவரி

நேற்று கால் அங்குலம் என்று எழுதியதைச் சற்றுக் கூர்மையாகச் சொல்ல வேண்டும். தைக்க வேண்டியது கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாக. தையலை ஒரு பக்கம் மடித்துத் தேய்க்கும்போது, மடிப்பின் மேடு துணியில் ஓர் இழை அளவை எடுத்துக்கொள்கிறது. சரியாகக் கால் அங்குலத்தில் தைத்தவருடைய நடுப்பட்டியும் அதனால் சற்றுக் குறைந்தே வரும். கணக்கு தேய்த்த பின் நிற்கும் அளவுக்குத்தான்.

இயந்திரத்தில் இதை நிலைநிறுத்தும் வழி எளிது. அளவுகோலை அழுத்து பாதத்தின் அடியில் வைத்து, கைச்சக்கரத்தைத் திருப்பி, ஊசிமுனை கால் அங்குலக் கோட்டிலிருந்து ஒரு நூலிழை அளவுகோலின் விளிம்புப் பக்கமாக இறங்கும்படி நிறுத்துங்கள். அளவுகோலின் விளிம்பை ஒட்டி, காகித ஒட்டுநாடாவை நான்கைந்து அடுக்காக இயந்திரத்தின் தளத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தச் சிறு மேட்டில் துணியின் விளிம்பு இடித்துக்கொண்டே போகும். கண் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை, மேட்டை மட்டும் பார்த்தால் போதும். கால் அங்குலப் பாதம் என்று தனியாக விற்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி எங்கே இறங்குகிறது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதால், அந்தப் பாதத்தை மாட்டினாலும் மூன்று பட்டிச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

5 பிப்ரவரி, சற்றுப் பின்

தொடக்கத்தில் நூல் சிக்கி, துணியின் மூலை ஊசித்தகட்டின் துளைக்குள் இழுபடுகிறதென்றால், முதலில் ஒரு கழிவுத் துணித்துண்டைத் தைத்து, வெட்டாமல் அதைத் தொடர்ந்து உண்மையான துண்டைக் கொடுங்கள். நேர்தையலுக்கென்று ஒற்றைத் துளையுள்ள ஊசித்தகடு கிடைத்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

8 பிப்ரவரி

இஸ்திரி. உடைகளுக்குத் தேய்ப்பதுபோல் பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். பெட்டியைத் தூக்கி வைத்து, அழுத்தி, மறுபடி தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முதலில் தையல் கிடந்தபடியே, இரு துணிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது ஓர் அழுத்து. நூல் துணிக்குள் படிந்துவிடும். பிறகு விரித்து, விளிம்புகளை அடர்ந்த நிறத்துணியின் பக்கம் சாய்த்து மேலிருந்து அழுத்த வேண்டும். வெளிர்நிறத் துணியின் பக்கம் சாய்த்தால் அடர்நிற விளிம்பு மேலே நிழலாகத் தெரியும்.

ஒன்பது சதுரக் கட்டத்தில் முதல் வரிசையையும் மூன்றாம் வரிசையையும் வெளிப்பக்கமாகவும், நடு வரிசையை உட்பக்கமாகவும் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த மேடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். விரல்நுனியால் தடவினாலே பொருந்திவிட்டதா என்று தெரியும். குண்டூசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. அதிகமான முனைகள் ஓரிடத்தில் கூடும் நட்சத்திர வடிவங்களில் மட்டும் விளிம்புகளை இரு பக்கமும் விரித்துத் தேய்ப்பது நல்லது, இல்லையென்றால் நடுவில் ஒரு கட்டி எழும்பும். விரித்துத் தேய்த்த தையலில் இழுப்பு முழுவதையும் நூல் மட்டுமே தாங்குகிறது என்பதால் அங்கே தையலின் நீளம் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களில் 2.5 வரை தாராளமாகப் போகலாம்.

13 பிப்ரவரி

துணி. நூறு சதவீதப் பருத்தி, இடைத்தர நெருக்கமான நெசவு, எல்லாத் துண்டும் ஏறத்தாழ ஒரே தடிமன். இந்த மூன்றும் இருந்தால் புதிய துணியா பழைய சட்டையா என்பது பொருட்டில்லை. பாலியெஸ்டர் கலந்த துணியைப் பருத்தியோடு சேர்த்தால், இஸ்திரியில் பருத்தி கேட்கும் சூட்டை மற்றது தாங்காது, மடிப்பும் நிற்காது. சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் அருகில் வைத்துக்கொண்டு எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் நசுக்க முடியாத கடினமான மணியாக நிற்கும்.

வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் பின்னால் பஞ்சு வெளியே வரும். பாவு நூல் கரைக்கு இணையாக ஓடுவது. அந்தத் திசையில் துணி மிகக் குறைவாகவே நீளும். ஊடை நூலின் திசையில் சற்று நீளும். இரண்டுக்கும் 45 பாகையில், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில், மிக அதிகமாக நீளும். சதுரத்தின் நான்கு விளிம்புகளும் பாவிலோ ஊடையிலோ இருக்கும்படி வெட்டினால் அது அளவில் நிற்கும். கரையை எப்போதும் வெட்டி நீக்கிவிட வேண்டும். அங்கே நெசவு நெருக்கம் என்பதால் துவைத்ததும் வேறு அளவில் சுருங்கி, பக்கத்துத் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன் துவைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும்.

14 பிப்ரவரி

நேற்றைய கடைசிப் பத்திக்கு வரம்பு வேண்டும். 5 அங்குலச் சதுரங்களாகவோ 2½ அங்குலப் பட்டிகளாகவோ வெட்டியே விற்கப்படும் துணியைத் துவைக்கக்கூடாது. ஓரம் பிரிந்து அளவே போய்விடும். அவற்றில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. துவைக்காத துணியில் ஆலையின் கஞ்சி இருப்பதால் அது விறைப்பாக நின்று நேராக வெட்டுப்படும். துவைத்த துணிக்கு நாமே கஞ்சி போட்டுத் தேய்த்தபின் வெட்டினால் அதே விறைப்பு கிடைக்கும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டாம், பூச்சி வரும்.

எது செய்தாலும் பாதியைத் துவைத்து, மீதியைத் துவைக்காமல் ஒரே போர்வையில் சேர்க்காதீர்கள். என்னிடம் அப்படி ஒரு போர்வை இருக்கிறது: துவைத்த துண்டுகள் தட்டையாகவும் மற்றவை சுருக்கம் விழுந்தும் கிடக்கின்றன. பார்ப்பதற்குச் சிலருக்குப் பிடித்திருந்தது. தையல் ஓரங்களில் இழுபட்டு நூல் அறுந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

19 பிப்ரவரி

நூலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செலவழிக்க ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நூலைத்தான் சொல்வேன். துணியின் நிறம்தான் போர்வை என்று நினைக்கிறோம், ஆனால் பத்து ஆண்டு துவைத்த பிறகு அது ஒன்றாக நிற்கிறதா என்பதை நூல்தான் முடிவு செய்கிறது.

கண்டின் மேல் போட்டிருக்கும் எண் கூடக்கூட நூல் மெலியும். 50 எண் பருத்தி நூல் துண்டுகளை இணைக்க ஏற்றது. மடிப்பில் இடம் அடைக்காது. முதல் நாள் சொன்ன அந்த 1/16 அங்குலத்தில் ஒரு பங்கைத் தடித்த நூலே தின்றுவிடும். 40 எண், மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும் வெளித்தையலுக்கு. கோடு நன்றாகத் தெரியும். டெக்ஸ் என்று போட்டிருந்தால் கணக்கு தலைகீழ்: அது 1000 மீட்டர் நூலின் எடை கிராமில் என்பதால் எண் கூடினால் நூல் தடிக்கும்.

பருத்தி நூலில் நீண்ட இழைப் பஞ்சில் நூற்றதா என்று பாருங்கள். ஓர் அடி நீளத்தை உருவி, கருப்புத் துணிக்கு மேல் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். நல்ல நூலின் ஓரம் கோடு போட்டதுபோல் இருக்கும். மட்டமான நூலில் சிறு மயிர்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்திருக்கும். அந்த மயிர்தான் பாபின் (அடிநூல் உருளை) அறையில் சாம்பல் நிறத் தூசாகச் சேர்ந்து தையலைக் கெடுக்கிறது. மெர்சரைஸ் செய்தது என்ற குறிப்பு இருந்தால் நல்லது; 1850-இல் ஜான் மெர்சர் காப்புரிமை பெற்ற காரக் குளியல் முறைதான் அது, நூலுக்கு வலுவும் சாயம் பிடிக்கும் தன்மையும் கூடும்.

பாலியெஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்ற பேச்சைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். மெல்லிய, நல்ல பாலியெஸ்டர் நூலில் தைத்து ஆண்டுக்கணக்கில் துவைத்த போர்வையில் அப்படி எதுவும் நேர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் துண்டுகளை இணைக்கப் பருத்தியையே எடுக்கிறேன், ஏனென்றால் இஸ்திரியில் அது துணியோடு சேர்ந்து படிகிறது.

நிறத்துக்குத் துணிதோறும் நூல் மாற்ற வேண்டியதில்லை. வெளிர்நிறங்களுக்கு ஒரு கோதுமை நிறம், மற்ற எல்லாவற்றுக்கும் நடுத்தரச் சாம்பல். இரண்டே பெரிய கண்டுகளில் போர்வை முடிந்துவிடும்.

20 பிப்ரவரி

விட்டுப்போனது: கைத்தையலுக்கென்று மெழுகு பூசிய விறைப்பான நூல் தனியாக வருகிறது. அதை இயந்திரத்தில் மாட்டாதீர்கள். பூச்சு நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளில் உரிந்து படியும். பழங்கண்டு ஒன்று கைக்கு வந்தால் ஓர் முழத்தை இரு கைகளிலும் பற்றிச் சுண்டிப் பாருங்கள். நல்ல நூல் எதிர்ப்புக் காட்டி அறும். இற்றுப்போனது சத்தமில்லாமல் வந்துவிடும்.

இயந்திர ஊசி: 80/12 என்பதில் 80 ஊசித்தண்டின் தடிமன், அதாவது 0.8 மில்லிமீட்டர். 50 எண் நூலுக்கு 70/10 அல்லது 80/12, 40 எண் நூலுக்கு 90/14. எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று சொல்வார்கள். எனக்குக் காதுதான் கணக்கு. துணிக்குள் ஊசி இறங்கும்போது டொக் டொக் என்று ஒலி எழுந்தால் முனை மழுங்கிவிட்டது, உடனே மாற்றிவிடுகிறேன்.

27 பிப்ரவரி

இப்போது கத்தி. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரை 1979-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் அட்டை அச்சை வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு துண்டாக வெட்டினார்கள். 1718 என்று ஆண்டு தைக்கப்பட்ட ஒரு பட்டு ஒட்டுப்போர்வை பிரிட்டனின் குவில்ட்டர்ஸ் கில்டிடம் (ஒட்டுப்போர்வை தைப்போர் சங்கம்) இருக்கிறது. காகித அச்சுகளின் மேல் துணியை மடித்து, மடிப்பு ஓரங்களைக் கையால் இணைத்த வேலை அது. அந்தக் காகிதங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. துண்டின் அளவு காகிதத்தின் அளவு என்பதால், எந்த இயந்திரமும் இல்லாமல் அத்தனை முனைகளும் பொருந்தின. சிறிய அறுகோணங்களுக்கு நான் இன்றும் அந்த முறையைத்தான் சொல்வேன். அதற்கு வேண்டியது கெட்டிக் காகிதமும் மெல்லிய ஊசியும்தான்.

சதுரமும் பட்டியும் நிறைய வெட்டப் போகிறீர்கள் என்றால் 45 மில்லிமீட்டர் கட்டர் ஒன்று, அதற்கென்றே செய்த வெட்டுவிரிப்பு ஒன்று, 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உள்ள கண்ணாடி போன்ற அளவுகோல் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்துதான் பயன். ஒன்றை மட்டும் வாங்கினால் வீண். அளவை விரிப்பின் கோடுகளில் பார்க்காமல், அளவுகோலின் கோடுகளில் மட்டும் பாருங்கள். எல்லா வெட்டுக்கும் ஒரே அளவுகோல். விரிப்பை வெயிலிலோ சூடான இஸ்திரிப்பெட்டியின் அடியிலோ வைத்தால் அது நெளிந்துவிடும், திரும்ப நேராகாது. ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தியின் மூடியைத் தள்ளி மூடுவதைக் கை தானாகச் செய்யும்வரை பழக்குங்கள். அது விரலையும் துணியைப் போலவே வெட்டும்.

கத்தரிக்கோல் இரண்டு வேண்டும். துணிக்கென்று வைத்ததில் காகிதத்தை வெட்டக்கூடாது.

6 மார்ச்

முக்கோணங்களுக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. இரு முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும் துண்டில் நீண்ட பக்கம் முழுவதும் கிராஸ். முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைத்தால் அந்தப் பக்கம் கையிலேயே நீளும். ஆகவே முதலில் தைத்துப் பிறகு வெட்டுங்கள்: முடிவு அளவோடு 7/8 அங்குலம் கூட்டி இரு நிறச் சதுரங்களை வெட்டி, நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து, மூலைவிட்டக் கோடு வரைந்து, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். நான் 7/8-க்குப் பதில் முழு அங்குலம் கூட்டி, தைத்த பிறகு சரியான அளவுக்குச் சீவிவிடுகிறேன். துணி சிறிது வீணாகிறது, முனைகள் மழுங்காமல் நிற்கின்றன. இந்தத் துண்டுகளுக்கு இஸ்திரியில் நீராவி வேண்டாம்.

15 மார்ச்

நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு. பருத்தி தட்டையாக, கனமாக விழும். துவைத்ததும் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்கி மேலே அந்தப் பழைய போர்வைச் சுருக்கத்தைத் தரும். பாலியெஸ்டர் எடை குறைவு, உப்பலாக நிற்கும், விரைவில் காயும். கம்பளி மிக இலேசானது, கையால் தைக்க வெண்ணெய் மாதிரி ஊசி போகும். 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியெஸ்டரும் கலந்தது முதல் போர்வைக்கு என் தேர்வு.

உறையில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: தையல் கோடுகளுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று போட்டிருக்கும். 4 அங்குலம் என்றிருந்தால் 4 அங்குலத்துக்குள் தைத்தே ஆகவேண்டும், இல்லையேல் துவைக்கும்போது பஞ்சு பிய்ந்து மூலைக்குப் போய்விடும். கருநீலமும் கருப்பும் மிகுந்த மேல்துணிக்குள் வெள்ளை பாலியெஸ்டர் பஞ்சை வைத்த ஒரு போர்வையில், சில துவைப்புகளிலேயே மேற்பரப்பெங்கும் நுண்ணிய வெள்ளை இழைகள் முளைத்ததைப் பார்த்தேன். இழுத்தால் இன்னும் வரும். அடர்நிறத்துக்கு அடர்நிறப் பஞ்சு கிடைக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

அடித்துணிக்கு மிக நெருக்கமாக நெய்த படுக்கைவிரிப்பை எடுக்காதீர்கள். இயந்திரம் சமாளிக்கும், கை ஊசிக்கு அது சுவர். 60 × 80 அங்குல மேல்துணிக்கு, நான்கு பக்கமும் 4 அங்குலம் கூட்டி, 68 × 88 வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் 88 அங்குல நீளமான இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கமாக இணைத்தால் போதும்; மொத்தம் ஏறத்தாழ 4½ மீட்டர்.

16 மார்ச்

வெப்பத்தில் அழியும் பேனாவால் மேல்பக்கத்தில் தையல் கோடுகளை வரையாதீர்கள்; மறைந்த கோடு கடுங்குளிரில் திரும்பி வரும். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவின் கோட்டின் மேல் இஸ்திரி பட்டால் அது நிலைத்துவிடும். நான் சோப்புச் சீவலையே பயன்படுத்துகிறேன்.

2 ஏப்ரல்

மூன்று அடுக்குகளையும் சேர்க்கும்போது அடித்துணியைத் தரையில் இறுக்கமாக, ஆனால் இழுக்காமல் விரித்து, நான்கு ஓரமும் ஒட்டுநாடா போட்டு, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே நோக்கி, ஓர் உள்ளங்கை இடைவெளிக்கு ஒரு ஊக்கு. ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிச்சத்துணி நடுவில் குமிழாகச் சேரும், அதற்கு மருந்து பிரிப்பது ஒன்றுதான்.

கையால் தைக்க நீண்ட ஊசியை எடுக்காதீர்கள். குவில்ட் தையலுக்குக் குட்டையான ஊசி உண்டு; எண் கூடக்கூட ஊசி சிறுக்கும். 8 அல்லது 9-இல் தொடங்கி, கை பழகியதும் 10-க்குப் போகலாம். நடுவிரலில் உலோகக் கவசம் மாட்டி ஊசியின் பின்புறத்தைத் தள்ள, ஊசிமுனை அடியில் வந்ததும், அங்கே இருக்கும் கையின் விரல் அதை மேலே திருப்பிவிட வேண்டும். முடிச்சைச் சுண்டி மேல்துணிக்குள் இழுத்துப் பஞ்சில் மறையுங்கள். ஓடுதையலில் சிறிய தையலைவிடச் சமமான தையல்தான் கண்ணுக்கு நிறைவு. அளவு தானாகச் சிறுத்துவிடும்.

11 ஏப்ரல்

விளிம்புப் பட்டிக் கணக்கு. 60 × 80 போர்வையின் சுற்றளவு 280 அங்குலம். மூலைகளுக்கும் முடிவு இணைப்புக்கும் 10 கூட்டினால் 290. துணியின் பயன்படும் அகலத்தை 40 என்று வைத்தால் 2½ அங்குலப் பட்டிகள் எட்டு வேண்டும், அதாவது 20 அங்குலத் துணி. பட்டிகளை 45 பாகையில் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் மடித்தபின் அந்த இடம் மட்டும் தடிக்கும். நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, மேல்பக்கத்தில் கால் அங்குலத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் மறைதையல் போடுங்கள். ஓரங்கள் நேராக இருந்தால் நேர்நூலில் வெட்டிய பட்டியே போதும், வளைந்த ஓரத்துக்கு மட்டும் கிராஸ். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, மறுபடி கீழே இறக்கி, மடிப்பு போர்வையின் ஓரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள்.